சோங்குல் ஏரிக்குச் செல்லும் வழி



வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, விமானச் சீட்டு என்ன விலை என்பதுதான். அடுத்து விசா, அதற்கடுத்து எத்தனை கிலோ சுமை கொண்டுபோகலாம் என்பது. அத்தோடு பேச்சு முடிந்துவிடும். இறங்கிய பிறகு எப்படிப் போவது என்று கேட்டால், "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வரும். உம்ராவுக்குச் செல்லும்போதும், வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளையைக் காணச் செல்லும்போதும் இந்தப் பதில் போதும். அழைத்துச் செல்ல ஆள் காத்திருப்பார். ஆனால் பேருந்தே போகாத மலைமேட்டில், குதிரையேறி இரண்டு மூன்று நாள் தங்கிவரப் புறப்படுகிறவர்களுக்கு அது போதாது. அத்தகைய பயணத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வான்வழி எளிதில் கடந்துவிடும். கடைசியாக மிஞ்சும் சிறு தொலைவுதான் யார் வரலாம், யார் வர இயலாது என்பதை முடிவு செய்யும்.

சென்ற கோடையில் கிர்கிஸ்தான் நாட்டின் சோங்குல் ஏரிக்குச் சென்று வந்தபோது இதை நான் நேரில் கண்டேன். அங்கே செல்ல விரும்பும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதாலும், என் தாய்மாமாவிடம் அங்கு நான் கற்ற ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

நாங்கள் சென்றதற்குக் காரணம் மாமாவின் பேரன். நம் பிள்ளைகள் பலரைப் போலவே அவனும் கிர்கிஸ்தானின் தலைநகரான பிஷ்கெக்கில் மருத்துவம் படித்தான். படிப்பு முடிந்து பட்டம் வாங்கும் நாளுக்கு மாமா, அவருடைய மகள், நான் ஆகிய மூவரும் சென்றோம். பேரனுடன் சேர்த்து நான்கு பேர். விழா முடிந்ததும் நான்கு நாள்கள் மீதமிருந்தன. எங்கே போகலாம் என்று கேட்டபோது, மாமா சற்றும் யோசிக்காமல், "குதிரை இருக்கிற எடத்துக்கு" என்றார்.

மாமாவுக்கு வயது எழுபத்தொன்று. இளமையில் எங்கள் ஊர் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். இரவு ரயிலுக்கு வரும் பயணிகளை ஏற்றிச்சென்றுதான் என் தாயாரின் திருமணச் செலவில் ஒரு பகுதியை அவர் சேர்த்தார் என்று வீட்டில் சொல்வார்கள். ஆட்டோக்கள் பெருகியபின் சவாரி குறைந்தது. கொள்ளு வாங்கவும் காசு போதாத நிலை வந்தபோது குதிரையை விற்றுவிட்டு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகளாக அவர் ஒரு குதிரையையும் தொட்டதில்லை. இப்போது வலது முழங்கால் சரியாக மடங்காது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

அவர் கேட்ட இடம் எது என்று பேரன் உடனே புரிந்துகொண்டான். சோங்குல், கடல் மட்டத்துக்கு மேல் 3,016 மீட்டர் உயரத்தில் உள்ள நன்னீர் ஏரி. இஸிக்குல் ஏரிக்கு அடுத்தபடியாக அந்நாட்டின் இரண்டாவது பெரிய ஏரி இதுவே. குளிர்காலத்தில் இது உறைந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் இடையர் குடும்பங்கள் குதிரைகளையும் ஆடுமாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்து, கரையில் கம்பளிக் கூடாரங்கள் அமைத்துத் தங்குகின்றன. அந்தக் கோடை மேய்ச்சல் நிலத்தை அவர்கள் ஜைலூ என்கிறார்கள். கட்டணம் செலுத்தி அக்குடும்பங்களோடு தங்கலாம், அவர்களுடைய குதிரைகளில் ஏறிச் செல்லலாம். ஆனால் அந்த ஏரிக்குப் பொதுப் பேருந்து கிடையாது.

நம் ஊரிலிருந்து அங்கே செல்லும் வழியை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் தெளிவு கிடைக்கும்.

முதற்பகுதி, வீட்டிலிருந்து பிஷ்கெக் வரை. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. டெல்லி சென்று அங்கிருந்து நேராகப் பறந்தால் ஏறத்தாழ மூன்று மணி நேரம். துபாய், ஷார்ஜா வழியாகவும் செல்லலாம். வளைகுடாவில் உறவினர் இருந்தால் அவர்களையும் பார்த்துச் செல்ல அது வசதி. இன்னொரு வழி, கஜகஸ்தானின் அல்மாட்டி நகருக்குப் பறந்து, அங்கிருந்து சாலை வழியே கோர்தாய் எல்லையைக் கடந்து பிஷ்கெக் சேர்வது. அத்தொலைவு ஏறத்தாழ 240 கிலோமீட்டர். எல்லையில் வரிசை இல்லாவிட்டால் நான்கைந்து மணி நேரம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 14 நாள்கள் வரை விசா இல்லாமல் கஜகஸ்தானில் தங்கலாம். கிர்கிஸ்தானுக்கோ இணையவழி விசா பெற்றே ஆக வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் சீட்டு எடுக்குமுன் இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லைச் சாவடியில் வாகனத்தைவிட்டு இறங்கி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்து கடக்க நேரிடும். முதியவர்கள் உடன் வந்தால் அந்த வழி வேண்டாம் என்பது என் கருத்து. நாங்கள் டெல்லி வழியாகச் சென்றோம். நம் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் அரை மணி மட்டுமே வேறுபாடு, உறக்கம் கெடாது.

இரண்டாம் பகுதி, பிஷ்கெக்கிலிருந்து கொச்கோர் என்னும் சிற்றூர் வரை. தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சாலை நல்ல சாலை. பூம் கணவாய் வழியாக மூன்று நான்கு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். இதற்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. மேற்குப் பேருந்து நிலையத்திலிருந்து மார்ஷ்ருட்கா என்னும் வேன்கள் செல்கின்றன. கட்டணம் மிகக் குறைவு, ஆனால் கால் நீட்ட இடமிராது. அங்கேயே பங்கு டாக்சிகள் நிற்கும். நான்கு பேர் சேர்ந்ததும் புறப்படும். மூன்றாவது, வண்டி முழுவதையும் நாமே அமர்த்திக்கொள்வது. கோடையில் பிஷ்கெக்கிலிருந்து இஸிக்குல் ஏரியின் மேற்கு முனையிலுள்ள பலிக்சி வரை ஒரு ரயிலும் ஓடுகிறது. மெதுவாகச் சென்றாலும் அழகான பாதை என்று பேரன் சொன்னான். ஆனால் பலிக்சியில் இறங்கி மறுபடி ஒரு வண்டி பிடிக்க வேண்டும்.

நாங்கள் நால்வர் என்பதால் பங்கு டாக்சியின் நான்கு இருக்கைகளும் எங்களுக்கே சரியாக இருந்தன. இருக்கைக் கணக்கைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருந்தது. மார்ஷ்ருட்கா நம் தொழுகை நேரத்துக்காக நிற்காது. ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ வழியிருப்பதால், புறப்படுமுன்போ சேர்ந்தபின்போ தொழுதுகொள்ளலாம். ஹனபி மத்ஹபில் ஒவ்வொரு தொழுகையையும் அதனதன் நேரத்தில் தொழ வேண்டும். சுருக்கித் தொழலாமே தவிர, ஒன்றின் நேரத்துக்கு மற்றொன்றை மாற்ற இயலாது. எங்கள் குடும்பம் ஹனபி. ஆகவே, கேட்ட இடத்தில் நிறுத்தும் வண்டி எங்களுக்கு ஆடம்பரமன்று. அந்நாட்டு முஸ்லிம்களும் ஹனபிகளே என்பதால், லுஹருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ஓட்டுநருக்கு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரே வழியிலுள்ள ஒரு பள்ளிவாசலின் முன் நிறுத்தி, எங்களோடு ஒளுச் செய்தார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நம் ஊரில் கிப்லா மேற்கே சற்று வடக்கு சாய்ந்திருக்கும், அங்கே அது தென்மேற்கு.

மூன்றாம் பகுதியில்தான் எங்கள் சோதனை இருந்தது. கொச்கோரிலிருந்து ஏரியை அடைய இரு வழிகள். ஒன்று, கல்மாக்-அஷூ என்னும் ஏறத்தாழ 3,450 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்கும் மண்சாலை. உறுதியான வண்டியும் அவ்வழியைப் பழகிய ஓட்டுநரும் வேண்டும். மூன்று மணி நேரம் பிடிக்கும். மற்றொன்று, கொச்கோருக்கு மேற்கே ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள கிஸார்ட் என்னும் சிற்றூருக்கு வண்டியில் சென்று, அங்கிருந்து குதிரையில் மலையேறுவது. முதல் நாள் கிலெம்சே என்னும் மேய்ச்சல் நிலத்தில் தங்கி, மறுநாள் ஒரு கணவாயைக் கடந்து ஏரியில் இறங்க வேண்டும். இரண்டு நாளும் நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் குதிரையின் மேல் இருக்க வேண்டும். குதிரைகளையும் வழிகாட்டியையும் கூடாரத்தில் இடத்தையும் கொச்கோரிலுள்ள சி.பி.டி. என்னும் சமூகச் சுற்றுலா அலுவலகத்தில் ஏற்பாடு செய்யலாம். பெரிய பெட்டிகளை ஊரில் விட்டுவிட்டு, சேணப்பையில் அடங்கும் துணிமணிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாமா குதிரையில்தான் வருவேன் என்றார். அன்றிரவு கொச்கோரில் தங்கியிருந்த வீட்டில் அவருடைய மகள் என்னைத் தனியே அழைத்து, "மச்சான், அத்தாவுக்கு இது தாங்குமா? நீங்க சொன்னாதான் கேப்பாங்க" என்றாள். பேரனும் கவலையில் இருந்தான். 2,500 மீட்டருக்கு மேலே சென்றால் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் மூச்சுத் திணறலும் வரக்கூடும். வந்தால் உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து என்று அவன் சொன்னான். வண்டியில் போனால் ஒரு மணி நேரத்தில் கீழே கொண்டுவரத் தொடங்கிவிடலாம். குதிரைப் பாதையின் நடுவே அப்படி நேர்ந்தால் என்ன செய்வது? அவன் சொன்னதில் தவறில்லை. ஆனால் அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதரிடம், அதுவும் தன் கையால் குதிரையை வளர்த்துப் பிழைத்தவரிடம், "உங்களுக்கு முடியாது" என்று யார் சொல்வது? அந்தச் சொல்லை நம் வீடுகளில் நாம் முதியவர்களிடம் மிக எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கடைக்குப் போகாதீர்கள், மாடிப்படி ஏறாதீர்கள், தனியாகப் பள்ளிக்குப் போகாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, அவர்கள் கையிலிருந்த முடிவுகளையெல்லாம் வாங்கிக்கொள்கிறோம். எனவே நான் ஒன்று மட்டும் சொன்னேன்: "நாளைக்கு எல்லாரும் கிஸார்ட் வரைக்கும் வண்டியில போவோம். குதிரையைப் பார்த்துட்டு மாமாவே முடிவு பண்ணட்டும்." வண்டி அன்று முழுவதும் எங்களோடு இருக்கும்படி ஓட்டுநரிடம் பேசிக்கொண்டேன்.

மறுநாள் காலை கிஸார்டில் ஒரு வீட்டின் பின்புறம் நான்கு குதிரைகள் கட்டியிருந்தன. கிர்கிஸ் குதிரைகள் உயரம் குறைந்தவை, கால்கள் உறுதியானவை. மாமா வண்டியிலிருந்து இறங்கிக் கைத்தடியை என்னிடம் கொடுத்தார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, ஜட்காக்காரர்கள் எழுப்பும் அந்தச் சொடக்கொலியை எழுப்பினார். நான்கு குதிரைகளின் காதுகளும் அவர் பக்கம் திரும்பின. வழிகாட்டியான இளைஞர் சிரித்துவிட்டார். மாமா ஒரு குதிரையின் அருகில் சென்று, அதன் கழுத்தைத் தடவி, முன்னங்காலைத் தூக்கி லாடத்தைப் பார்த்தார். சேணத்தின் கீழே கையை நுழைத்து முதுகைத் தடவிப் பார்த்தார். வாரை இழுத்துப் பார்த்து, வழிகாட்டியிடம் சைகையால் இன்னும் ஒரு துளை இறுக்கச் சொன்னார். இருவருக்கும் பொது மொழி எதுவும் இல்லை. ஆனாலும் பத்து நிமிடம் பேசிக்கொண்டார்கள்.

பிறகு மாமா என்னிடம் வந்து கைத்தடியை வாங்கிக்கொண்டார்.

"மாப்ளே, குதிரை மேல ஏறுறவன் முட்டியால பிடிக்கணும். எனக்கு முட்டி மடங்காது. நான் மூட்டை மாதிரிதான் உக்காருவேன். மூட்டை ஒரு பக்கமா சரியும். சரியுற மூட்டைய ரெண்டு நாள் மலையில சுமந்தா அது முதுகு புண்ணாயிடும். அது வாய தெறந்து சொல்லுமா? நீங்க ரெண்டு பேரும் குதிரையில வாங்க. நான் வண்டியில வந்துர்றேன்."

தம் மூச்சைப் பற்றியோ வயதைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை. குதிரையின் முதுகைப் பற்றி மட்டும் சொன்னார். மதரஸாவில் பிராணிகளின் உரிமை பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். வாகனப் பிராணிகளின் முதுகுகளை மேடைகளாக்கிக்கொள்ள வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததையும், செழிப்பான நிலத்தில் பயணம் செய்யும்போது ஒட்டகங்களுக்கு அந்நிலத்திலுள்ள பங்கைக் கொடுக்குமாறு அவர்கள் ஏவியதையும் மாணவர்களுக்கு விளக்குகிறேன். அன்று அந்தப் பாடத்தை, மதரஸாவில் மூன்று வகுப்புகளுக்கு மேல் ஓதாத ஒருவர் எனக்கு நடத்திக் காட்டினார்.

ஆகவே பிரிந்து சென்றோம். மாமாவும் அவர் மகளும் வண்டியில் கொச்கோருக்குத் திரும்பி இன்னோர் இரவு தங்கினார்கள். கொச்கோர் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏரிக்கு ஏறுமுன் உடல் பழகிக்கொள்ள அந்த இரண்டாம் இரவும் உதவியது. நானும் பேரனும் குதிரையேறினோம். "சூ" என்றால் குதிரை நடக்கும், கடிவாளத்தை இழுத்தால் நிற்கும்; வழிகாட்டி எங்களுக்குக் கற்பித்தது இவ்வளவே. புதியவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் மகிழ்ச்சி. இரண்டாம் மணி முதல் முழங்காலும் தொடையும் வலிக்கும். அங்கவடியின் நீளம் காலுக்குச் சரியாக இருக்கிறதா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்; வலியில் பாதி அதனால்தான் வருகிறது. மழையங்கியும் கையுறையும் சேணத்தோடு கட்டியிருக்கட்டும். ஜூலையிலும் அங்கே ஆலங்கட்டி மழை பெய்யும், இரவில் கடுங்குளிர்.

நபி (ஸல்) அவர்கள் உபரித் தொழுகைகளை வாகனத்தின் மீதிருந்தபடி அது செல்லும் திசையிலேயே தொழுததையும், கடமையான தொழுகைக்கு இறங்கிக் கிப்லாவை முன்னோக்கியதையும் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் நாம் படித்திருக்கிறோம். பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்து பழகிய நமக்கு அந்த வேறுபாடு வெறும் சட்டமாகவே தெரியும். மலைச்சரிவில் குதிரையைவிட்டு இறங்கி, வழிகாட்டி இரண்டு கடிவாளங்களையும் பிடித்துக்கொள்ள, ஓடை நீரில் ஒளுச் செய்து நின்றபோது, இறங்குவதற்கும் ஒரு பொருள் உண்டு என்று விளங்கியது. நாங்கள் தொழுத நேரத்தில் குதிரைகள் மேய்ந்தன. கோடையில் அங்கே இரவு எட்டரை மணிக்குப் பிறகே சூரியன் மறைகிறது. ஆகவே அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பாதையைக் கடக்க நிறைய நேரம் கிடைக்கும்.

இரண்டாம் நாள் மாலை கணவாயின் உச்சியிலிருந்து ஏரியைக் கண்டோம். மரம் ஒன்றுகூட இல்லாத பசும்புல் வெளியின் நடுவே நீலத் தகடாக அது கிடந்தது. கரையிலிருந்த கூடாரங்களுள் ஒன்றின் அருகில் எங்கள் வண்டி நின்றது. அருகே கம்பளிப் போர்வை போர்த்தியபடி மாமா நின்றிருந்தார். நாங்கள் சேர்ந்ததும் பேரனின் முகத்தைக்கூடப் பார்க்காமல், சேணத்தின் கீழே கையை நுழைத்து, "தண்ணி காட்டுனீங்களா?" என்று கேட்டார். "காட்டினோம் நன்னா" என்று அவன் சொன்ன பிறகுதான் அவனைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை மாமாவும் குதிரையேறினார். வழிகாட்டி வயது முதிர்ந்த, அடக்கமான குதிரை ஒன்றைக் கொண்டுவந்தார். திண்டு போன்ற ஒரு மேட்டின் அருகே அதை நிறுத்தி, நாங்கள் இருவர் தாங்க அவரை ஏற்றினோம். வழிகாட்டி கயிற்றைப் பிடித்து நடக்க, சமதளமான ஏரிக்கரையில் அரை மணி நேரம் சென்றார். முதுகு நிமிர்ந்திருந்தது, வலது கால் மட்டும் வெளியே நீட்டியிருந்தது. போதும் என்று யாரும் சொல்வதற்கு முன் அவரே குதிரையைத் திருப்பினார். பிற்பகலில் நால்வரும் வண்டியில் இறங்கினோம். குதிரைகள் வழிகாட்டியோடு மலைவழியே திரும்பின.

இத்தகைய பயணத்துக்குத் திட்டமிடுவோர் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள். முதலில் கடைசித் தொலைவை எடுத்துக்கொள்ளுங்கள். உடன் வருவோரில் மிகப் பலவீனமானவர் அதை எதில் கடக்க முடியும் என்று அவரோடு கலந்து பேசுங்கள். சிலர் குதிரையிலும் சிலர் வண்டியிலும் சென்று ஒரே இடத்தில் சேரலாம். எல்லாரும் ஒரே வழியில் போக வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. மேலே தங்கும் இரவில் ஒரு வண்டி கூடாரத்தின் அருகிலேயே நிற்கட்டும். ஏரியில் கைபேசித் தொடர்பை நம்ப இயலாது. அவசரம் வந்தபின் வண்டி தேட முடியாது. ஏறுமுன் இடைப்பட்ட உயரத்தில் ஓர் இரவாவது தங்குங்கள். இவற்றையெல்லாம் முடிவு செய்தபின், அதற்கேற்ற நாள்களில் விமானச் சீட்டு எடுங்கள். சீட்டு மலிவாகக் கிடைத்த நாளுக்கு ஏற்பப் பெற்றோரின் உடலை வளைக்காதீர்கள்.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தில், நாம் ஏறிச்செல்லக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கழுதைகளும் படைக்கப்பட்டதைச் சொல்லும் இறைவன், நாம் அறியாதவற்றையும் படைப்பதாகச் சொல்கிறான். விமானமும் வண்டியும் குதிரையும் ஒரே வாரத்தில் எங்களைச் சுமந்தன. மூன்றும் அவன் வசப்படுத்தித் தந்தவையே. அவற்றுள் எதில், எப்போது ஏற வேண்டும் என்பதையும், எதில் ஏறாமல் இருக்க வேண்டும் என்பதையும் அறியும் தெளிவை அவன் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.